கழுத்துத் துண்டின் மதிப்பெண்

கோழிக்குக் கால் இரண்டு. ஆனால் ஆர்டிவா குழுமம் 'கொண்டைச்சேவல்' கடைகளை விலைக்கு வாங்கிய நான்காவது மாதம், திருப்பூரில் பொரித்த கோழிகளுக்கு மட்டும் காலே இல்லாமல் போயிற்று.

"ஏம்மணி, உங்க கோழியெல்லாம் கழுத்தாவே பொறந்து கழுத்தாவே வளருதா?" என்று கேட்டார் கல்லாவுக்கு எதிரே நின்றவர். பனியன் கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். கையில் தட்டு, தட்டில் ஆறு கழுத்துத் துண்டுகள்.

நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. அவிநாசி சாலைக் கிளையின் மேலாளர் இதற்கெல்லாம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"புது மொதலாளிங்க அப்படித்தாங்கண்ணா அனுப்பறாங்க."

"எனக்குப் புடிக்கலைன்னு எழுதிக்க அப்ப."

"எழுதிக்க முடியாதுங்கண்ணா. உக்காந்து சாப்பிடுங்க. மேல இருக்கற வெளக்கு பாத்து எழுதிக்கும்."

"அது என்னத்தப் பாக்கும்? இந்தக் கழுத்தையும் எம் மூஞ்சியையுமா?"

"மார்க்கு மூஞ்சிக்கு மட்டுந்தானுங்க."

அவர் தட்டோடு தனியாள் மேசை ஒன்றில் போய் உட்கார்ந்தார். தலைக்கு மேலே மெய்விளக்கு மஞ்சளாக எரிந்தது. சாப்பிடுகிறவரின் கையில் எந்தத் துண்டு என்று குறித்துக்கொண்டு, முகத்தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிற விதத்தைப் பார்த்து, மனம் எவ்வளவு மகிழ்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடும் விளக்கு அது. அவருக்கு மூன்று போட்டது.

பதினோரு வருடங்களுக்கு முன்பு நாட்டில் ஒரு காலம் இருந்தது. காசு கொடுத்து எழுதவைத்த பாராட்டும், காசு கொடுத்து எழுதவைத்த வசவும் பெருகிப்போய், உண்மையாகச் சாப்பிட்டவர் சொன்னது எது என்று யாருக்குமே தெரியாத காலம். அதற்கு மருந்தாக வந்தது மெய்க்கருத்துச் சட்டம். வாயால் சொன்ன கருத்தோ கையால் எழுதிய கருத்தோ இனி எந்த விசாரணையிலும் செல்லாது. விளக்கு போட்ட மதிப்பெண் மட்டுமே செல்லும். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினால், வாங்குவதற்கு முன் ஆறு மாதமும் பின் ஆறு மாதமும் வாடிக்கையாளர் மகிழ்ச்சியை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மகிழ்ச்சி குறைந்திருந்தால் வாங்கியது செல்லாது. கடைகள் அங்கே உழைக்கிறவர்களின் கூட்டுறவுக்குப் போய்விடும்.

ஆர்டிவா குழுமம் அந்த முதல் ஆறு மாதக் கணக்கை வரி வரியாகப் படித்தது. கொண்டைச்சேவலில் முழுக்கோழியை ஒன்பது துண்டாக்கி, கழுத்தையும் சேர்த்து ஒரே தட்டில் வைத்துக் குடும்பத்தின் நடுவே வைப்பார்கள். அந்த ஒன்பதில் எதைச் சாப்பிட்டவர்களுக்கு மகிழ்ச்சி அதிகம்? காலுக்கு ஆறே முக்கால். கழுத்துக்கு ஒன்பது புள்ளி இரண்டு. அவ்வளவுதான். கால்களெல்லாம் உறைபெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போயின. எங்கிருந்தெல்லாமோ கழுத்துகள் வந்து இறங்கின. முகம் விளக்குக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று குடும்ப மேசைகளைத் தூக்கிவிட்டுத் தனியாள் மேசைகளைப் போட்டார்கள்.

ஆறாவது மாதம் முடிவதற்குள் மதிப்பெண் எட்டிலிருந்து நாலரைக்கு விழுந்தது.

ஆறு மாதக் கணக்கு முடிந்த மறுவாரமே ஆர்டிவாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுப்படியில் நின்று அதைப் படித்தாள் கோகிலா. இந்தக் கிளையின் பொரிப்பு அடுப்புக்குத் தலைவி, வயது ஐம்பத்திரண்டு.

"வாடிக்கையாளர் மிக விரும்பும் துண்டையே வழங்கியும் மகிழ்ச்சி குறைந்ததற்கு, பொரிப்பவர்கள் வேண்டுமென்றே பக்குவம் கெடுத்ததே காரணம்," என்று உரக்க வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "கேட்டியா கண்ணு? இருவத்தியோரு வருசமா இந்தச் சட்டிக்கு முன்னால நிக்கறேன். இப்ப நான் சதி பண்றனாம். சதி பண்ணத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் சட்டிக்கிட்ட நிக்கறேன், தேர்தல்ல நின்னிருக்க மாட்டனா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. மகிழ்ச்சி குறைந்ததற்குத் தொழிலாளர் சதிதான் காரணம் என்று மெய்க்கருத்து ஆணையம் ஏற்றுக்கொண்டால், வாங்கியது வாங்கியதாகவே நிற்கும். நாற்பத்தோரு கடைகளில் பொரிக்கிற அறுநூற்று நாற்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்கள் இடத்துக்கு இயந்திரங்கள் வரும்.

"மூணு வாரத்துல விசாரணை," என்றாள் நறுமுகை. "கழுத்துக்கு ஏன் அத்தன மார்க்கு வந்துச்சுன்னு நாம சொல்லிட்டாப் போதுங்க்கா. அவங்க கேஸே அது மேலதான் நிக்குது."

"ஏன் வந்துச்சு?"

"அதுதான் தெரியல."

கோகிலா எண்ணெயைப் பார்த்தபடி, "உம் வூட்டுக்காரரக் கேளேன். அவுருதான வெளக்குக்காரரு," என்றாள்.

அதுதான் நறுமுகையின் நெஞ்சில் கிடந்த முள். கழுத்துக்கு ஒன்பது புள்ளி இரண்டு என்று ஆர்டிவாவுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவனே, அங்கே விளக்குப் பதிவுகளைக் கணக்கிடும் வேலையில் இருந்த அவள் கணவன் அகரன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் கோழிக்குழம்பு வைத்தாள். அவர்களுடைய நாலு வயது மகள் மிளிர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். நறுமுகை ஒரு காலை அவள் தட்டில் வைத்தாள், இன்னொன்றை அகரனின் தட்டில் வைத்தாள். தான் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள்.

"ரெண்டு லட்சம் பேரோட முகம், முகை," என்றான் அகரன். காலையிலிருந்து இதே பேச்சுதான். "ஒருத்தர் ரெண்டு பேர்னா தப்புன்னு சொல்லலாம். விளக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப கோகிலாக்கா பொய் சொல்றாங்களாக்கும்."

"நான் அப்படிச் சொல்லல. எனக்குப் புரியலன்னு சொல்றேன். கழுத்து ஜனங்களுக்குப் பிடிக்குது. அது வரைக்கும் நிச்சயம். இவ்வளவு ஏன், உனக்கே கழுத்துதானே பிடிக்கும்?"

நறுமுகையின் கை நின்றது. "யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லணும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன். வேற துண்ட நீ தொட்டதே இல்ல." அவள் தட்டைக் காட்டினான். அதில் கழுத்துதான் இருந்தது.

"எனக்கு லெக் பீஸ்தாங்க உசுரு."

அகரன் அவளைப் பார்த்தான். வேடிக்கைக்குச் சொல்கிறாளோ என்று பார்த்தான். அவள் முகத்தில் வேடிக்கை இல்லை.

"அப்புறம் ஏன் ஒரு நாளும் எடுத்துக்கல?"

"ஒரு கோழிக்கு ரெண்டு காலுதானுங்களே."

மிளிர் மட்டும் மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை குழம்பு வழிந்தது. அகரன் தன் தட்டில் பாதி கடித்த காலைப் பார்த்தான். அவனுடைய அப்பா ராணுவத்தில் இருந்தவர். ஆறாம் வகுப்பிலிருந்து வேலைக்குப் போகிற வரைக்கும் அவன் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவன். அங்கே தட்டை நீட்டினால் கரண்டியில் வந்தது விழும். நடுவில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, யாருக்கு எது என்று வார்த்தையில்லாமல் பிரித்துக்கொள்கிற சாப்பாட்டை அவன் இந்த வீட்டுக்கு வந்துதான் பார்த்தான். பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை.

"ஏங்க, சோறு காயுது."

"இரு." அவன் கையைக் கழுவிவிட்டு வந்து மேசைத்திரையில் பழைய பதிவுகளைத் திறந்தான். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். பிறகு, "கடிக்கறப்ப ஏறல," என்றான் மெதுவாக.

"என்ன ஏறல?"

"மார்க். கழுத்துக்கு ஒன்பது வாங்கினவங்க எல்லாரையும் பாரு. கழுத்தக் கடிக்கறப்ப நாலு, நாலரை. கை சும்மா நிக்கறப்பதான் ஒன்பதரைக்கு ஏறுது. நான் சராசரி எடுத்து எல்லாத்தையும் கழுத்துக் கணக்குல போட்டுட்டேன்."

"கை நிக்கறப்ப எங்க பாக்கறாங்கன்னு பாருங்க."

"அது விளக்குக்குத் தெரியாது. சாப்பிடறவங்க முகத்தையும் கையையும் மட்டும்தான் அது பாக்கும். எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாக்காது." சற்றுத் தயங்கினான். "பாக்கணும்னு எனக்கும் தோணல."

நறுமுகை மகளின் முழங்கையைத் துடைத்தாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

"ஆணையத்துல வந்து சொல்றேன்," என்றான்.

"வேல போயிருங்க."

"போகும். உங்க கடையில சேத்துக்க மாட்டீங்களா?"

"வெங்காயம் உரிப்பீங்களா?"

"அழுதுக்கிட்டே உரிப்பேன்."

அவள் எழுந்து அவன் பக்கம் வந்து, குழம்புக் கையை அவன் தோளில் வைத்தாள். அந்தச் சட்டையில் குழம்புக் கறை இன்று வரை இருக்கிறது.

விசாரணை கோயம்புத்தூரில், பந்தய சாலை ஓரத்து ஆணையக் கட்டடத்தில் நடந்தது. காலை பத்து மணிக்கே வாசலில் கூட்டம். திருப்பூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள், எல்லாரும் கொண்டைச்சேவலில் சாப்பிடுகிறவர்கள். தங்கள் பேச்சு எந்த விசாரணையிலும் செல்லாது என்று தெரிந்தும் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். யார் கூப்பிட்டது என்று நறுமுகை கேட்டதற்கு, "யாரு கூப்புடோணும்? எங்க கடைதானுங்க," என்றார் ஒருவர்.

ஆணையத் தலைவி ரெஹானா பர்வீன் கண்டிப்பானவர் என்று பெயர். அகரன் சாட்சிக் கூண்டில் நின்று, தான் செய்த பிழையை ஒன்று விடாமல் சொல்லி முடித்தபோதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆர்டிவாவின் வழக்கறிஞர் ரித்விக் எழுந்தார். "அழகான கற்பனை, அம்மா. சாட்சியின் மனைவி எதிர்த்தரப்பு மேலாளர். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கண்டுபிடித்ததை ஆணையம் நம்ப வேண்டும் என்கிறார்கள்."

"நம்ப வேண்டாங்க," என்றாள் நறுமுகை. இருக்கையிலிருந்து எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. "சோதிச்சுப் பாருங்க. வெளக்க இங்கயே மாட்டுங்க. கோகிலாக்கா கீழ கேன்டீன்ல பொரிக்கட்டும். பழைய மாதிரி முழுத்தட்டு."

"ஆளையும் நீங்களே தயார் செய்து கொண்டுவந்திருப்பீர்களே," என்றார் ரித்விக்.

"ஆளை நான் தேர்ந்தெடுக்கிறேன்," என்றார் தலைவி.

அவர் சன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். கூட்டத்தில் எத்தனையோ தாய்மார்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிடட்டும் என்று நறுமுகை மனதுக்குள் வேண்டினாள். தலைவியின் விரல் வேறு பக்கம் நீண்டது. "அதோ, அந்தச் சரக்கு ஆட்டோவில் சாய்ந்து நிற்கிறாரே, அவர்."

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சரண் என்று பெயர் சொன்னான். பக்கத்தில் எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். நறுமுகை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆம்பிளை. அதிலும் பசியோடு நிற்கிற ஆம்பிளை. முதலில் லெக் பீஸைத்தான் எடுப்பான். அகரனின் முகத்தைப் பார்த்தாள். அவனும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

மேசைக்கு மேலே மெய்விளக்கை மாட்டினார்கள், தட்டு வந்தது. கோகிலாவே எடுத்து வந்தாள். ஒன்பது துண்டுகளும் செக்கச்செவேலென்று இருந்தன, ஆவி பறந்தது. மன்றமே மூக்கை நிமிர்த்தியது. "சாப்பிடுங்கள்," என்று மட்டும் தலைவி சொன்னார்.

சரண் சட்டைக் கையை மடித்தான். ஒரு காலை எடுத்து ஊதினான். சின்னவள் கையில் கொடுத்தான். மற்றொரு காலைப் பெரியவளிடம் தள்ளினான். பிறகு, தட்டைப் பார்க்கக்கூட இல்லை, பழக்கப்பட்ட கை தானே போய்க் கழுத்தை எடுத்தது.

சுவரில் எண் தெரிந்தது. கடித்தபோது நாலு புள்ளி மூன்று. சின்னவள் கன்னமெல்லாம் மசாலாவோடு எதையோ சொல்லிச் சிரித்தாள். சரணின் கை நின்றது. எண் ஏறியது. ஆறு, எட்டு, ஒன்பது, ஒன்பது புள்ளி ஆறு.

கோகிலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போங்கள்," என்றார் தலைவி. "இப்போது இன்னொரு கழுத்து."

அதே சட்டி, அதே பக்குவம். நாலு புள்ளி மூன்று. அதற்கு மேல் நகரவே இல்லை.

ரித்விக் துள்ளி எழுந்தார். "பிள்ளைகளைப் பிரித்தால் தகப்பனுக்குக் கவலை வரும். கவலையில் எதைத் தின்றாலும் குறையும். இது எதையும் நிரூபிக்கவில்லை."

நியாயமான வாதம்தான். நறுமுகை அகரனைப் பார்த்தாள். அவன் உதடு அசைந்தது: கால்.

"ஒரு லெக் பீஸ் குடுத்துப் பாருங்க மேடம்," என்றாள் அவள். "கவலைன்னா அதுக்கும் நாலுதானுங்க வரோணும்."

சரணின் கையில் ஒரு கால் வந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடித்தான். எண் ஏழைத் தொட்டது.

"உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று தலைவி கேட்டார்.

"ஆட்சேபம்," என்றார் ரித்விக். "வாய்மொழிக் கருத்து செல்லாது."

"கருத்தை விட்டுவிடுகிறேன். காரணத்தைக் கேட்கிறேன். காரணம் கேட்கக் கூடாது என்று எந்தப் பிரிவு சொல்கிறது, காட்டுங்கள்." ரித்விக் தேடினார். கிடைக்கவில்லை. தலைவி சரண் பக்கம் திரும்பினார். "கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்களே, எதனால்?"

சரண் கூச்சத்தோடு நெளிந்தான். "கழுத்தா? நான் கழுத்தா சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்?" கையைப் பார்த்துக்கொண்டான். "கவனிக்கலீங்க. புள்ளைங்க சாப்பிடறதப் பாத்துக்கிட்டிருந்தனுங்க."

தலைவி பேனாவை மூடி வைத்தார்.

தீர்ப்பு எழுத அவருக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அடுப்பில் பிழையில்லை, அறிக்கையில்தான் பிழை. சதி என்ற குற்றச்சாட்டு தள்ளுபடி. ஆர்டிவா வாங்கியது செல்லாது. நாற்பத்தோரு கடைகளும் தொழிலாளர் கூட்டுறவுக்கு. அறுநூற்று நாற்பது பேரும் அவரவர் அடுப்பில். கோகிலா நறுமுகையைக் கட்டிப்பிடித்த பிடியில் மூச்சு முட்டியது. அகரனின் கைபேசியில் ஆர்டிவாவிலிருந்து வேலைநீக்கச் செய்தி வந்து விழுந்தது. அவன் அதை மனைவியிடம் காட்டி, ஏதோ பரிசு வாங்கியவன் போலச் சிரித்தான்.

எல்லாரும் கிளம்பப் பார்த்தபோதுதான் தலைவி, "உட்காருங்கள்," என்றார். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"இந்த விளக்கை நம்பி நான் இருபத்தாறு தீர்ப்பு கொடுத்திருக்கிறேன். ஒரு மருத்துவமனை. இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒரு முதியோர் இல்லம். எதிலும் யாரையும் நான் ஏன் என்று கேட்கவில்லை." அகரனைப் பார்த்தார். "அந்தக் கோப்புகளை எல்லாம் மறுபடி படிக்க ஒரு ஆள் வேண்டும். விளக்கு எங்கே தவறும் என்று தெரிந்த ஆள். இப்போது வேலையில்லாத ஆளாக இருந்தால் நல்லது."

அகரன் எழுந்து நின்றான். தலையை ஆட்டினான்.

"வெளியே நிற்கிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுங்கள்," என்றார் தலைவி. "அவர்கள் சொல்வதும் இன்று முதல் பதிவாகும். செல்லுமா செல்லாதா என்று மேலே இருப்பவர்கள் பிறகு சண்டை போட்டுக்கொள்ளட்டும்."

பதினோரு வருடத்தில் முதல் முறையாகச் சாட்சிக் கூண்டில் ஏறிய வாடிக்கையாளர், காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் பேருந்து ஓட்டுநர். கொண்டைச்சேவல் கடையைப் பற்றி என்ன சொல்ல வந்திருக்கிறார் என்று மன்றம் காத்திருந்தது. நறுமுகை கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். நல்ல வார்த்தை நாலு சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

"உப்பு கம்மிங்க," என்றார் அந்தப் பெண். "நாலு வருசமாச் சொல்லோணும்னு இருக்கறேன். அப்புறம் அந்தம்மா இருக்கறாங்களே, மேனேஜர்." விரல் நேராக நறுமுகையை நோக்கி நீண்டது. "கூட்டம் சேந்துட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாங்க. நாங்க சும்மாவா சாப்பிடறோம்?"

"உப்பா? எஞ் சட்டியிலயா?" என்று கோகிலா எழுந்தாள். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள்.

தட்டச்சர் தயங்கினார். "'தூக்கி வெச்சுக்கறாங்க'ன்னு அப்படியே அடிக்கட்டுங்களா அம்மா?"

"அப்படியே."

விசைகள் சத்தம் போட்டன. நறுமுகை கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, உப்பு என்று எழுதினாள். அதன் கீழே, என் மூஞ்சி என்று எழுதினாள். எழுதும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. வெளியே படிக்கட்டில் முந்நூறு பேரும் முன்னே நிற்பவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு, தாங்கள் சொல்லப் போவதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போயிருந்தது.

"அடுத்தவர்," என்றார் தலைவி.